கேசினி சரி போட்ட மண்டபம்

நம்பாவிட்டால் விடுங்கள். கேசினி என் தங்கை மகள். எதையும் கூட்டிச் சொல்லத் தெரியாதவள். பதுளையில் கணக்காய்வு உத்தியோகத்தர். இது அவளுக்குப் பட்டப்பகலில் நடந்தது.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மண்சரிவுக்குப் பயந்த லயத்து வரிசை வீட்டு ஆட்களைக் குடிவைக்க ஒரு மண்டபம் கட்டியதாக அரசாங்கப் பணம் கொடுபட்டிருந்தது. அது இருக்கிறதா என்று நேரில் பார்த்து, பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பச்சைப் பேனாவால் சரி போட வேண்டும். எல்லாம் சரியென்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஓட்டோக்காரர் ரமேஸ் கீழேயே நின்றுவிட்டார்.

"நான் மேல வரலீங்க மிஸ்."

"ஏன், சிறுத்தையே நிக்குது?"

"சிறுத்தைன்னா வந்திருப்பேன்."

மேலே ஒரே மூடுபனி. அதற்குள் மங்கலாக ஒரு கூரை. 'கூரைத் தகரம்' என்ற வரிக்குச் சரி போட்டு நிமிர்ந்தாள். கூரை பளிச்சென்று தெரிந்தது. சுவருக்குப் போட்டாள். சுவரும் அப்படியே. பனி விலகுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே ஏழெட்டுப் பேர் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கேசினி உள்ளே போனாள். வெளியே மழை பிடித்தது. தகரத்தில் மட்டும் சத்தமே இல்லை...

கதவுக்கும் பூட்டுக்கும் சரி போட்டாள்.

டக்.

கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி இல்லை. பில்லிலும் அது இல்லை.

"ஆர் பூட்டினது? திறவுங்கோ."

"தொறக்காதும்மா," என்றாள் மூட்டைமேல் இருந்த ஒருத்தி. தலைமுடியெல்லாம் ஈர மண். "நாங்களும் தட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்."

பச்சை மண் வாடை. மூச்சு முட்டியது. சுவர் கிட்டே வந்தது போல...

"வெட்டும்மா."

"என்னத்தை?"

"இல்லாதத இருக்குன்னு எழுதுனியே. அத வெட்டு."

'கதவு' என்ற வரியை வெட்டினாள்.

காற்று.

ஓடினாள்.

ஓட்டோவில் விழுந்து, மண்டபத்தில் ஆட்கள் இருப்பதாகச் சொன்னாள். ரமேஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேல கட்டடமே இல்லீங்க மிஸ். வெறும் மண்ணு. போன மழையில லயம் அப்படியே மண்ணுக்குள்ள போயிருச்சு. மண்டபத்துக்குப் போகலாம்னு மூட்டை கட்டி வச்சிருந்தாங்க... ஒருத்தரையும் தோண்டி எடுக்க முடியல."

கேசினி பில்லை விரித்தாள். கதவு மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. பூட்டு அப்படியே இருந்தது. கூரை, சுவர், பூட்டு என்று மிச்சம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். அடியில் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பம் வைத்தாள்.

ரமேஸ் சட்டென்று மலைப்பக்கம் திரும்பினார்.

"நின்னிருச்சு."

"என்னது?"

"தட்டுற சத்தம். மண்ணு சரிஞ்ச நாள்ல இருந்து, ராவும் பகலும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு மிஸ். அதான் நான் மேல வரல."