விடிந்தால் இறங்கியிருக்கும் பற்றறி

எங்கள் கார் ஒவ்வொரு விடியலிலும் ஸ்ராட் ஆகாமல் படுக்கத் தொடங்கிய நாட்களில் என் கணவரின் வலது காலில் புண் இருந்தது. அவர் சீனி வருத்தக்காரர்; நீரிழிவில் வரும் புண் லேசில் ஆறாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கரவெட்டியிலிருந்து பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து கட்டவேண்டும். கவனிக்காமல் விட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவருடைய பாதம் அந்தப் பழைய காரை நம்பித்தான் இருந்தது.

முதல்நாள் ஒழுங்காக ஓடி வந்து கொட்டகைக்குள் நிற்கும். விடிய சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்றொரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வளவுக்காரரைக் கெஞ்சி, அவருடைய காரின் பற்றறியிலிருந்து வயர் கொழுவி ஸ்ராட் எடுத்து ஓடுவேன். ஒருநாள் அவரும் வீட்டில் இல்லை. கூப்பிட்ட ஓட்டோ 'இந்தா வாறன்' என்று சொல்லி வரவேயில்லை. அன்று மருந்து கட்டவில்லை. அடுத்தநாள் புண்ணைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் புதுப் பற்றறி வாங்கிப் போட்டேன். அதுவும் இரண்டு நாளில் இறங்கிவிட்டது.

இதுதான் தருணமென்று கணவரின் அண்ணன் வந்தார். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல அவரிடம் ஒரு சொல் தயாராக இருக்கும்.

"பெண்டுகள் கார் வைச்சிருந்தால் உப்பிடித்தான், பிள்ளை. கதவைச் சரியாச் சாத்தாமல் விட்டிருப்பாய், உள்லைற் எரிஞ்சிருக்கும். வித்துப்போட்டுப் பேசாமல் இரு. ஆஸ்பத்திரிக்கு என்ரை வானிலை நான் கூட்டிக்கொண்டு போறன்."

அவருடைய வானையும் எனக்குத் தெரியும், அவருடைய நேரத்தையும் தெரியும். பத்து மணிக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மனுசன் வெளிக்கிடுவார். அண்ணை சொன்னால் மறுசொல் சொல்லி என் கணவருக்குப் பழக்கமில்லை. நாளைக்குக் காலமை ஒருவர் காரை விலைக்குப் பார்க்க வருவார் என்று அண்ணனும் தம்பியுமே பேசி முடித்துவிட்டார்கள். என் கார்! நான் உழைத்து வாங்கிய கார்!

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அன்றே பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து மீற்றரைக் கேட்டு வாங்கிவந்து, பற்றறியைச் சார்ஜ் ஏற்றிவைத்து, அதன் நெகற்றிவ் வயரைக் கழற்றி இடையில் அதைக் கொழுவினேன். சாவி கையில். உள்லைற் எரியாதபடி கதவுப் பொத்தானை அமத்தி ரேப் ஒட்டியிருந்தேன். உறங்குகிற கார் கிட்டத்தட்ட ஒன்றுமே எடுக்கக்கூடாது. மீற்றரோ ஒரு அம்பியருக்குக் கிட்டக் காட்டியது. கள்ளன் உள்ளேதான் இருக்கிறான்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். றேடியோ, ஹோர்ன், பூட்டு. முள் அசையவில்லை. அத்தான் கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்து பார்த்தார். "படம் காட்டுறாய், என்ன?" என்றார். நான் அடுத்த பியூசைப் பிடுங்கினேன்.

எல்லாப் பியூசும் கழன்ற பிறகும் மின்சாரம் போகிறதென்றால், அது பியூஸ் பெட்டிக்குப் போகாத வழியில் போகவேண்டும். பற்றறியின் பொசிற்றிவ் முனையைக் குனிந்து பார்த்தேன். மெல்லிய சிவப்பு வயர் ஒன்று தனியாக இறங்கியது. அதைக் கையால் தடவிக்கொண்டே போனேன். டாஷ்போட்டுக்கு அடியால் ஏறி, முருகன் படத்துக்குப் பின்னால் முடிந்தது. படத்தின் இரு பக்கமும் இரண்டு சின்ன பல்ப். சிவப்பாய், அமைதியாய் எரிந்துகொண்டிருந்தன.

கார் வாங்கிய புதிதில் தொண்டைமானாற்றுச் சந்நிதியில் பூசை வைத்தபோது அத்தான் பூட்டிவிட்ட விளக்கு. சாமி விளக்கு ஒருபோதும் அணையக்கூடாதென்று சாவிக்கு அடங்காமல் நேரே பற்றறியில் கொடுத்திருக்கிறார். அந்த நாளில் கணவர் தினமும் யாழ்ப்பாணம் ஓடினார், இரவில் போனது பகலில் ஏறிவிடும். இப்போது பருத்தித்துறைக்குப் போய்வரும் சின்ன ஓட்டம் அதை ஏற்றக் காணாது. விடியும்போதெல்லாம் அந்த விளக்கு மங்கிப்போய்த்தான் இருந்திருக்கும். நாங்கள் கும்பிட்டோம், ஒருவரும் பார்க்கவில்லை. படிப்பிக்கிற நானும்தான்.

வயரைக் கழற்றினேன். மீற்றரின் முள் விழுந்தது. திரும்பக் கொழுவினேன், ஏறியது. அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருடைய முகம் கறுத்தது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"பிள்ளை, விசர் வேலை பாக்காதை! முருகன்ரை விளக்கை நூர்க்கிறதே? நோயாளி இருக்கிற வீடு!"

"முருகனுக்கு இருட்டிலை பயமில்லை அத்தான். எனக்குத்தான் இவரின்ரை காலை நினைக்கப் பயம். சாமியைக் கும்பிடுறன், விளக்கு காரோடை எரியட்டும், காரோடை நூரட்டும்."

"தம்பி, உவளுக்குச் சொல்லு!"

என் கணவர் கட்டுப்போட்ட காலை ஸ்ரூலில் நீட்டியபடி வாசலில் இருந்தார். அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீர் வெட்டும்," என்றார் என்னிடம்.

வெட்டினேன்.

அடுத்தநாள் காலை காரைப் பார்க்க வந்த மனிதர், அத்தானோடு வெறும் கொட்டகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றாராம். அந்த நேரம் பருத்தித்துறையில் என் கணவருக்கு மருந்து கட்டி முடிந்திருந்தது.