மீட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்

அந்தப் பேட்டரியைக் கெடுத்தவன் நான். பழி அந்தோணி மீது விழுந்தபோது, அவன் மீது தவறில்லை என்பதற்கான சான்று என் கையிலேயே இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

நெய்வேலி சுரங்கத்தின் பேட்டரி அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குள்ளஞ்சாவடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாஸ்கர் ஒரு பழைய சிறிய காரின் பின் சீட், ஏசி எல்லாவற்றையும் கழற்றி, ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் காராக மாற்றிக்கொண்டிருந்தார். ஓட்டுபவர் அவர் தங்கை தேவகி, நெய்வேலி நகரியத்தில் பள்ளி ஆசிரியை. வயரிங் அந்தோணி; முன்பு என்னிடம் கான்ட்ராக்டில் வேலை செய்தவன். பேட்டரிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

எடை குறைய வேண்டும் என்று லித்தியம் பேட்டரி வாங்கியிருந்தார்கள். அதை டிபன் பாக்ஸ் போல ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தார் தேவகி.

"இது செல்ஃப் அடிக்குமா சார்?"

"பொம்மை காருக்கு அடிக்கும்மா," என்றேன்.

மாட்டிவிட்டு, அவர் பட்டனைத் தொட்டதும் இன்ஜின் உறுமியது. பட்டறையே அதிர்ந்தது. இந்த வயதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எங்கள் சுரங்கப் பேட்டரி அறையில் ஒரு வழக்கம் உண்டு. டம்பர் என்னும் சுரங்க லாரியிலிருந்து வந்த எந்தப் பேட்டரியும் 'பூஸ்ட்', அதாவது வோல்டேஜைக் கூட்டி வேக சார்ஜ், கொடுக்காமல் திரும்பிப் போகாது. ஈயப் பேட்டரி அதைத் தாங்கும். லித்தியத்துக்கு அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும். வோல்டேஜ் மிஞ்சக் கூடாது. அந்தோணி இதை இரண்டு முறை சொன்னான். நான் கற்றுக்கொடுத்த பையன் எனக்குச் சொல்வதா என்று இருந்தது.

ட்ராக்குக்குப் புறப்படும் முன், பட்டறையில் ஆளில்லாத நேரம் பார்த்து, பேட்டரியை என் பழைய ஈயப் பேட்டரி சார்ஜரில் மாட்டி பூஸ்டுக்குத் திருப்பினேன். அரை மணியில் பேட்டரி கொதித்தது. பக்கவாட்டில் லேசாக உப்பியிருந்தது. ஆறவைத்து, உப்பிய பக்கம் உள்ளே இருக்கும்படி பெல்ட்டை இறுக்கிவிட்டேன். அது தீப்பிடிக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். காருக்குள் உட்காரப்போவது தேவகி என்பதும் தெரியும்.

ட்ராக்கில் எங்கள் முறை வந்தது. தேவகி ஹெல்மெட்டோடு பட்டனை அழுத்தினார். டக் என்ற ஒரு சத்தம்தான். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

"கட்-ஆஃப் சுவிட்ச்ச போட்டுக்கினே வுட்டுட்டியா?" என்று அந்தோணியைக் கேட்டார் பாஸ்கர். அதைப் போட்டபடி விட்டால் பேட்டரி தானாக இறங்கிவிடும்.

"இல்லண்ணா. ஆஃப் பண்ணி சாவிய எடுத்துட்டேன். தோ, பாக்கெட்ல கீது," என்றான் அந்தோணி.

"சாவி கீது, சார்ஜ் எங்க? சார், நீங்க பாருங்க."

மீட்டரை வைத்தேன். பதின்மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சுவிட்ச்சைப் போட்டபடி விட்டிருந்தால் அந்த அளவு நின்றிருக்காது. செல்ஃப் அடித்ததும் ஏழுக்கு விழுந்தது. நான் கொதிக்கவிட்டதில் பேட்டரிக்குள் இருந்த செல்தான் போயிருந்தது. மீட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "சார்ஜ் இறங்கியிருக்கு," என்றேன்.

அந்தோணி என்னைப் பார்த்தான். டூல்ஸைப் பையில் போட்டான். "என் கைவேலய நம்பாத எடத்துல எனக்கு இன்னா வேல?" என்று பஸ் ஏறிவிட்டான்.

ஒரு வாரம் பொறுத்தேன், முடியவில்லை. என் பழைய சார்ஜரை எடுத்துப் போய் பட்டறையில் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கர் சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேவகி, "நான் உள்ள உக்காந்திருந்தேன் சார்," என்றார். மூவரும் அந்தோணி வீட்டுக்குப் போனோம்.

"அன்னிக்கு மீட்டர் எவ்ளோ காட்டுச்சு சார்?" என்று கேட்டான் அந்தோணி.

"பதின்மூணு."

"தெரிஞ்சுகினே சும்மா இருந்தீங்க."

"ஆமாம்."

புதிய பேட்டரியும் அதற்குரிய சார்ஜரும் நான் வாங்கிக்கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் அந்தோணி வந்தான்.

அடுத்த முறை ட்ராக்கில் மூன்றாம் வளைவில் கார் சுழன்று, இன்ஜின் அணைந்து நின்றது. பின்னால் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. தேவகி பட்டனைத் தொட்டார்; ஒரே தொடலில் பிடித்துச் சீறிக்கொண்டு போனது. நானும் பாஸ்கரும் கட்டிப்பிடித்துக் கத்தினோம். அந்தோணி சற்றுத் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

இளைய நண்பர்களே, புதுப் பொருளிடம் பழைய அனுபவத்தைக் காட்டாதீர்கள். அளவு பார்த்தால் உரக்கச் சொல்லுங்கள். இப்போது நான் மீட்டரை அந்தோணி பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன்; அவன் படிக்கிறான், நான் நோட்டில் எழுதுகிறேன். இன்னும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான். புது சார்ஜரை மட்டும் என்னிடம் விடுவதில்லை; அது அவன் வீட்டில் இருக்கிறது.