எத்தனை காந்தம்?

என் தங்கை புருஷனை நாங்கள் ‘பசை’ என்றுதான் கூப்பிடுவோம். விரல்களில் எந்நேரமும் பசை காய்ந்து கிடக்கும். மேசைமேல் போர் விளையாடுகிறவர்களுக்குக் கட்டைவிரல் உயரப் படைவீரர்களைத் துண்டு துண்டாக ஒட்டிக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஒட்டிய வீரனை வட்டத் தட்டில் நிறுத்தி, காலடியில் மணல் தூவி, பால்கனியில் வைத்துச் பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர் அடிப்பான். அப்புறம் யாராவது தொட்டால் போச்சு. “மச்சான், கைய எடுங்க!” என்று வள்ளென்று விழுவான். பெரிய சேனாதிபதி என்று நினைப்பு.

இரும்புப் பெட்டிக்குள் வீரர்கள் உருளாமல் நிற்பதற்காகத் தட்டின் அடியில் அரிசி அளவு காந்தம் வைத்துப் பட்டி பூசி மூடுவான். கனமான வீரனுக்கு இரண்டோ மூன்றோ வைப்பதும் உண்டு.

அன்று நான் அங்கே போயிருந்தேன். அவன் பிரைமர் அடித்துவிட்டு உள்ளே வந்தபோது, காந்தப் பாக்கெட் திறந்து கிடந்த மேசையருகே நின்றிருந்த அவனுடைய சின்ன மகள் எதையோ விழுங்கினாள். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அவனும் தங்கையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“எக்ஸ்ரேல காந்தம் ஒண்ணு தெரியுது மச்சான். ஒண்ணுன்னா தானா வந்துடும், வீட்டுக்குப் போகலாங்கறாங்க டாக்டர். ஆனா ரெண்டு ஒட்டியிருந்தாலும் ஒண்ணு மாதிரிதான் தெரியுமாம். ரெண்டா இருந்து பிரிஞ்சு போச்சுன்னா, குடலை நடுவுல கவ்வி ஓட்டை போட்டுடுமாம்.” நான் வாய் திறப்பதற்குள் தொடர்ந்தான். “பாக்கெட்டுல இருபது இருந்துச்சு, இன்னிக்குத்தான் பிரிச்சேன். எதுக்குள்ள எத்தனை வச்சேன்னு ஞாபகமே இல்ல. பால்கனியில நிக்கிற வீரனுங்களை உடைச்சு எண்ணுங்க.”

“எல்லாத்தையுமா மாப்ள?”

“எல்லாத்தையும்!”

இடுக்கியை எடுத்தேன். பிரைமர் ஈரம் கையெல்லாம் அப்பியது. வீரர்களின் கால் ஒடிந்தது, தட்டு பிளந்தது. மேசைமேல் மிச்சம் கிடந்ததையும் சேர்த்துக் காந்தங்களைப் பொறுக்கி எண்ணினேன். பதினெட்டு. மறுபடி எண்ணினேன். தரையில் தவழ்ந்து, மேசைக் காலைச் சுற்றி, பாய்க்கு அடியில் என்று எல்லா இடத்திலும், காந்தம் இருந்தால் ஒட்டட்டும் என்று இரும்பு இடுக்கியை ஓட்டிப் பார்த்தேன். இன்னும் ஒன்றாவது கிடைத்துவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. தூசிதான் வந்தது.

“மாப்ள... ரெண்டு காணோம்.”

“டாக்டர், ரெண்டு! ரெண்டு!” என்று அவன் கத்திக்கொண்டே ஓடுவது போனில் கேட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்திருந்தார்கள். குடலுக்கு இறங்கும் முன்பே, ஒட்டியபடி இரண்டும் வெளியே வந்துவிட்டன. தங்கை பிள்ளையோடு உள்ளே இருந்தாள். இவன் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“உன் படைய நாசம் பண்ணிட்டேன் மாப்ள” என்றேன்.

அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. என் கையை இறுகப் பிடித்தான்.

“நீங்க ஒண்ணுன்னு சொல்லியிருந்தா, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து தூங்க வச்சிருப்பேன் மச்சான்.”