அண்ணாச்சி பூட்டாமல் வைத்த ஈசிஜி

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டிலிருந்து போன் வந்தது. பேச்சிமுத்து அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டாராம். முந்தின நாள் மாலை படியில் பார்த்துப் பேசிய மனிதர். செய்தி சொன்னவரிடம் எரிந்து விழுந்தேன்.

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு அலுவலகத்தில் வெகுகாலம் எனக்கு அடுத்த மேஜை. ஓய்வு பெற்றதும் ஒரு ஸ்கேனர் வாங்கினார். எங்களுக்குப் பிடித்தது சனி. ரேஷன் கார்டு, ஜாதகம், மார்க் ஷீட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் தனி லிங்க். எந்தக் கம்ப்யூட்டரில் டைப் செய்தாலும் அந்தத் தாள் நேரே திறக்கும். பாஸ்வேர்டு கிடையாது.

என் கணவரின் ஈசிஜியையும் அப்படித்தான் ஏற்றிவைத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எங்க வீட்டுக்காரர் நெஞ்சை இப்படித் தொறந்து போட்டிருக்கீங்களே அண்ணாச்சி, ஒரு பூட்டுப் போடக் கூடாதா?"

"லிங்க்கு தெரிஞ்சவன்தானம்மா பாக்க முடியும்? பூட்டிவச்சா, ஆபத்துல நீ சாவியத் தேடிக்கிட்டுல்லா நிப்ப!"

சில நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஜனக்புரியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவும்போது என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நர்ஸிங் ஹோமில் ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒரு கோளாறு தெரிந்தது. அது புதிதென்றால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும், பழையதென்றால் அவசரமில்லை என்றார் டாக்டர். சில வாரங்களுக்கு முன்புதான் என் கணவருக்கு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து குணமாகியிருந்தது. ஊசியே உயிரை வாங்கிவிடவும் கூடும். "பழைய ஈசிஜி இருக்கா?" என்று இந்தியில் கேட்டார். அது ஊரின் மறுகோடியில், மயூர் விஹாரில், எங்கள் பீரோவுக்குள் இருந்தது.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இருந்தார். "அழாதம்மா, லைன்லயே இரி" என்றார். இரைச்சல், மூச்சு வாங்கும் சத்தம், பிறகு ஏதோ சைபர் கஃபேயில், "பையா, ஜல்தி! ஜல்தி!" என்ற அவர் குரல். போனை டாக்டரிடம் கொடுத்தேன். அண்ணாச்சி லிங்க்கை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, டாக்டர் அங்கிருந்த கம்ப்யூட்டரில் டைப் செய்தார். திறக்கவில்லை. "நஹி டாக்டர் சாப், சோட்டா பி! படா நஹி!" என்று, அது சின்ன எழுத்து 'பி', பெரியது இல்லை என்பதை அண்ணாச்சி கத்திச் சொன்னது எனக்கே கேட்டது. முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

திறந்தது. அதே கோளாறு பழைய ஈசிஜியிலும் இருந்தது. டாக்டர் ஊசி வேண்டாம் என்று அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும், "அச்சா, அச்சா" என்றார் அண்ணாச்சி. "அப்ப நான் போயி வெங்காயத்த எடுத்துக்கிடுதேன். கடையிலயே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரை எடுத்தார்கள். என் கணவர் பாடையருகே போய்க் குனிந்தார். நான் பதறிப்போய், "நீங்க தூக்க வேண்டாம்ங்க, நெஞ்சுக்கு ஆகாது" என்றேன்.

"இவரைத் தூக்காம வேற எதுக்கு இந்த நெஞ்சு?" என்று சொல்லித் தோள் கொடுத்தார்.

அண்ணாச்சி எனக்கு விட்டுவிட்டுப் போனது அந்தத் தோளைத்தான்.