மீசைக்காரரை அம்மா வீழ்த்திய நாள்

எங்கள் அம்மா மல்யுத்தத்தில் ஜெயித்தவள் என்றால் நம்ப மாட்டீர்கள்.

அப்பா மஸ்கட்டிலிருந்து முதல் லீவில் வந்தபோது டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் கொண்டு வந்தார். அதில் இருந்தது மல்யுத்தம் மட்டும்தான். அவர் திரும்பிப் போனதும், திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் அடிதடிதான்.

அந்த விளையாட்டில் பெரிய மீசை வைத்த ஒரு வீரர். அச்சு அசல் அப்பாவேதான். நானோ தம்பியோ அவரைத் தூக்கிப் போட்டால், அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வருவாள்.

"அவர அடிக்காதீங்கடா!" என்று எங்களைத் திட்டிவிட்டு, "எந்திரிங்க, எந்திரிங்க!" என்று டிவியைப் பார்த்துக் கெஞ்சுவாள். மீசைக்காரர் தோற்ற அன்றைக்கு ராத்திரி எங்களுக்கு வெறும் ரசம்தான். அதனால் அவரை எதிர்த்து ஆடுகிறவன் வாங்கிக் கட்டிக்கொண்டு தானாகவே படுத்துவிடுவான்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா மறுபடி வந்தார். கிளம்புவதற்கு முதல் நாள், "எங்க, நான் ஒரு ஆட்டம் ஆடுறேன்" என்று மீசைக்காரரை எடுத்துக்கொண்டார். எதிரே அம்மாவே வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதே இல்லை.

எல்லாப் பட்டனையும் சேர்த்து அமுக்கி மீசைக்காரரைக் குத்தினாள், மிதித்தாள், கீழே தள்ளி மேலே ஏறிப் படுத்தாள். நடுவர் தரையைத் தட்டி எண்ண ஆரம்பித்தார். அப்பா சிரித்துக்கொண்டே எழப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க," என்றாள் அம்மா. "இங்கயே கெடங்க."

அப்பா பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

ஆட்டத்தில் அம்மாதான் ஜெயித்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் அவர் எழுந்து போய்விட்டார்.