ஏலக்காய்த் தண்ணீர் ஊற்றிய அயர்ன்பாக்ஸ்

தங்கப்பாண்டி அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில் பழுப்புத் தண்ணீரைக் கக்கிய ஸ்டீம் அயர்ன்பாக்ஸ் கடையுடையது. அதற்குள் இருந்த ஏலக்காய்த் தண்ணீர் என்னுடையது. இந்த ஒரு விஷயத்தில் பங்கு பிரிப்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

போடியில் வீட்டுச் சாமான் விற்கும் கடையில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். நிஜமாகவே நிற்கிறேன், எங்கள் கடையில் சேல்ஸ்மேனுக்கு நாற்காலி கிடையாது. மிக்ஸி, குக்கர், அயர்ன்பாக்ஸ் இருக்கிற பக்கம் என் பக்கம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஸ்டீம் அயர்னை எப்படிப் பார்த்து எடுத்துக் கொடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் நான் அதைக் கற்றது பொறாமையில். அதனால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1. முத்துமாரி

முத்துமாரி கடைக்கு வந்தபோது அவளுக்கு முப்பது வயதிருக்கும். அதற்கு முன் பொட்டிபுரத்தில் தையல் மெஷின் வைத்திருந்தவள். முதலாளி அவளைக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்தினார்.

"பாலு, இந்தப் புள்ள இனிமே ஒங்கூட. தொழிலைக் கத்துக் குடு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை சரியாக நான்கு நாள் தாங்கியது.

என் பாணி இது: பெட்டியைச் சூடாக்கித் தலைக்கு மேல் தூக்குவேன். ஸ்டீம் பட்டனை அழுத்துவேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். "போடிமெட்டுல மேகம் எறங்குற மாதிரி இருக்கா இல்லையா?" என்பேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்குவார்கள். எதில் வாட்ஸ் அதிகமோ, எது விலை கூடியதோ, அது நல்ல பெட்டி. இந்த ஞானத்தை வைத்தே கால் நூற்றாண்டு குடும்பம் நடத்தினேன்.

முத்துமாரி பெட்டியைத் தொடவே மாட்டாள். முதலில் கேட்பாள்.

"வீட்டுல என்ன தண்ணி வருதுக்கா? போர் தண்ணியா, நகராட்சித் தண்ணியா?"

"தேய்க்கிற எடத்துல இருக்கிறது சின்ன பிளக்கா, பவர் பிளக்கா?"

"பருத்தி நெறைய இருக்கா, பாலியஸ்டரா? தேய்க்கிறது நீங்களா, அண்ணனா?"

அப்புறம்தான் பெட்டியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, "பத்துத் தடவ முன்னயும் பின்னயும் இழுங்க, மணிக்கட்டு வலிக்குதா பாருங்க" என்பாள். சில பேரிடம், "வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டாங்க, அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்று சொல்லித் திருப்பியே அனுப்பிவிடுவாள்.

வாங்க வந்தவர்களைத் தண்ணீர் எடுத்துவரத் துரத்தினால் ஒருத்தரும் திரும்ப மாட்டார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பாட்டிலோடு திரும்பி வந்தார்கள். அவள் அந்தத் தண்ணீரைக் கொஞ்சமாக ஒரு பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி, அடியில் வெள்ளையாய்ப் படிந்திருப்பதை விரலால் வழித்துக் காட்டுவாள். "இதுதான் பெட்டி ஓட்டையில போயி அடைக்கும்." அவ்வளவுதான், ஆள் அவள் பக்கம்.

ஒரு மாதத்தில் வாசலிலேயே கேட்க ஆரம்பித்தார்கள். "அண்ணே, அந்தப் புள்ள இல்லையா?" நான் முழு ஆளாக எதிரே நிற்கிறேன்.

அவள் என்னதான் சொல்லி விற்கிறாள் என்று ஒட்டுக்கேட்க, ஒருநாள் பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துடைக்கிற பாவனையில் நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், "இந்த பிரிட்ஜ் எப்படிண்ணே?" என்று கேட்டார். காது அங்கே இருந்ததால் வாய் தன் பாட்டுக்கு, "ஸ்டீம் நல்லா வரும்" என்றது. அவர் தேனியில் வாங்கிக்கொண்டார்.

வீட்டிலும் தெரிந்துவிட்டது. என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "கொழம்புல உப்பே இல்ல, அதக்கூடச் சொல்லாம சாப்புடுறீக. என்னா, அந்தப் புள்ள இன்னைக்கும் வித்துருச்சா?"

2. வாசம்

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் வேண்டும் என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு கைப்பிடி ஏலக்காயைத் தட்டிக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, பாட்டிலில் கடைக்குக் கொண்டுபோனேன். டெமோ பெட்டியின் டேங்கில் ஊற்றினேன். தேய்க்கத் தேய்க்கச் சட்டை மணக்கும். போடியில் எவனுக்குத் தோன்றியிருக்கும்?

எவனுக்கும் தோன்றாததன் காரணம் முதல் வாடிக்கையாளர் வந்ததும் தெரிந்தது. ஏலக்காய்க் கமிஷன் கடையில் வேலை பார்ப்பவர். ஆவி கிளம்பியதும் மூக்கைச் சுளித்தார்.

"என்னண்ணே, கொடோன் வாசம் அடிக்குது?"

"ஏலக்காய் ஸ்டீம். நம்ம ஐடியா."

"காலையில இருந்து பொழுது வரைக்கும் இந்த மூட்டைக்குள்ளதான் கெடக்கேன். குளிச்சுட்டுப் போடுற சட்டையிலயுமா?"

ஏலக்காய் மூட்டை குவிகிற இந்த ஊரில் போய் ஏலக்காய் வாசத்தை விற்கப் பார்த்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மதுரையிலிருந்து மூணாறு போகிற வழியில் இறங்கிய ஒரு தம்பதி, அந்த வாசத்தில் மயங்கி உடனே ஒரு பெட்டி வாங்கினார்கள். அன்றைக்கு முத்துமாரியை நான் பார்த்த பார்வையை அவள் மறந்திருக்க மாட்டாள். டேங்கில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே வைத்தேன்.

3. சட்டை

இரண்டு நாள் கழித்து மத்தியானம் தங்கப்பாண்டி அண்ணனும் அவர் மனைவி ராசாத்தி அக்காவும் வந்தார்கள். மலையில் சின்ன ஏலத்தோட்டம், கீழே போடியில் ஒரு வீடு. பதினைந்து வருஷமாகக் கிரைண்டர் முதல் டார்ச் லைட் வரை அவர்களுக்கு என் கையால்தான் போயிருக்கிறது. "பாலு எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிற குடும்பம், எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று சீர்ச் சாமான் லிஸ்ட் அக்காவின் கையில் இருந்தது.

"மொதல்ல அயர்ன்பாக்ஸ் ரெண்டு பாப்போம் பாலு. ஒண்ணு பொண்ணுக்கு, ஒண்ணு மல வீட்டுக்கு" என்ற அண்ணன், கழுத்தை நீட்டிக் கடையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க முத்துமாரின்னு ஒரு புள்ள நல்லா வெவரஞ் சொல்லுதாமே, எங்க?"

அவர்களுமா!

முத்துமாரி மாடியில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் கொடுத்தால் வந்துவிடுவாள். "சாப்புடப் போயிருக்குண்ணே, வர நேரமாகும்" என்றேன்.

அவள் இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். "பையில என்னண்ணே, புதுச் சட்டையா? குடுங்க." டெய்லரிடம் அப்போதுதான் வாங்கிய சட்டை. பலகையில் விரித்தேன். பெட்டியை பிளக்கில் சொருகினேன். சூடு ஏறியதும் விளக்கு அணையும். அதுவரை பொறுக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நான் பொறுக்கவில்லை. சட்டையின் நெஞ்சுப் பக்கம் வைத்து பட்டனை அழுத்தினேன்.

தகடு சூடாகாததால் தண்ணீர் ஆவியாகவில்லை. ஓட்டைகளில் காய்ந்து கிடந்த ஏலக்காய்ச் சாற்றைக் கரைத்துக்கொண்டு, பழுப்பாய், பொட்டுப்பொட்டாய் ஒழுகியது.

அக்கா சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொண்ணோட அப்பன்னு முத்திரை குத்திட்டீக போல. நல்லதுதான், மண்டபத்துல அடையாளந் தேட வேண்டியதில்ல."

அக்காவின் சத்தம் கேட்டு முத்துமாரி மாடிப்படியில் இறங்கி வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. "வெரசா தண்ணியில போடணும்ணே, காஞ்சா புடிச்சுக்கிரும்" என்று சட்டையை உருவிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு, விரல் நுனியால் பொட்டுப்பொட்டாகத் தேய்த்து அலசி, துண்டில் ஒற்றி, ஈரத்தோடு வேறு பெட்டியில் ஸ்டீமை நிறுத்திவிட்டுத் தேய்த்தாள். பாக்கெட்டுக்குக் கீழே கடுகளவு ஒரு கறை தவிர எல்லாம் போயிருந்தது.

"ஏத்தா, நீ சாப்புடப் போயிட்டேன்னாரு பாலு" என்றாள் ராசாத்தி அக்கா.

முத்துமாரி என்னைப் பார்த்தாள். ஈரத் துண்டை உதறி மடித்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும். அதையும் அவள் தரவில்லை.

"மாடியிலதான்க்கா இருந்துச்சு" என்றேன். "நாந்தான் கூப்புடல. எல்லாரும் அதுகிட்டயே போறாக. நீங்களும் போயிட்டா எனக்குன்னு கேட்டு வர ஆளே இல்லன்னு..."

அண்ணன் சட்டையை மடித்துக்கொண்டே, "பதினஞ்சு வருசப் பழக்கம் பாலு. அதுகிட்ட வெவரங் கேட்டாலும் பில்லு ஒன்னையத்தான போடச் சொல்லியிருப்போம்" என்றார்.

அக்கா லிஸ்ட்டை முத்துமாரியிடம் கொடுத்தாள்.

நான் ஓரமாய் நின்று கேட்டேன். பெண் போவது ராசிங்காபுரத்துக்கு. அங்கே உப்புப் போர் தண்ணி. வீட்டில் பவர் பிளக் அடுப்படியில் மட்டும்தான். முத்துமாரி ஆயிரத்து இருநூறு, முந்நூறு வாட்ஸில், சின்ன பிளக்கில் போடுகிற மாதிரி, உப்பைக் கழுவி விடுகிற வசதி உள்ள ஒரு ஸ்டீம் பெட்டியை எடுத்தாள். "கேன் தண்ணி மட்டும் ஊத்தச் சொல்லுங்க. தேய்ச்சு முடிச்சதும் சூட்டோட டேங்கக் கவுத்தி மிச்சத் தண்ணியக் கொட்டணும்."

"மல வீட்டுக்கு?" என்றார் அண்ணன். "அதுக்குப் பெரிய பெட்டியா குடு தாயி."

"மழ மாசத்துல துணிய எங்கண்ணே காயப் போடுவீக?"

"எங்க காயுது? அடுப்புக்கு மேல கொடி கட்டிப் போடுறது. அரகொறயா காஞ்சதும் எடுத்துத் தேய்ச்சுப் போட்டுக்கிருவோம்."

"துணியிலயே தண்ணி இருக்குல்லண்ணே, அதுக்கு மேல எதுக்கு ஸ்டீமு? கனமான தகடு உள்ள சாதாப் பெட்டி போதும்" என்று, கடையிலேயே விலை குறைந்த ஒன்றை எடுத்துவைத்தாள். வலிய வந்த பெரிய வியாபாரத்தை விட்டுவிட்டாளே என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷம் ராசாத்தி அக்கா, "பிரிட்ஜையும் நீயே பாத்துச் சொல்லிருத்தா" என்றாள்.

அந்த மலை வீட்டுக்கு நான் விற்றிருந்தால் எதை விற்றிருப்பேன் என்று எனக்குத் தெரியும். எத்தனை எஸ்டேட் வீடுகளுக்கு அப்படி விற்றிருக்கிறேன் என்றும் தெரியும். அந்தப் பெரிய ஸ்டீம் பெட்டிகளெல்லாம் அலமாரி மேல் கிடக்கும்.

4. நேராகக் கேட்டது

மறுநாள் காலை கடை திறந்ததும், முத்துமாரியிடம் போய், "அந்தக் கேள்வியெல்லாம் எனக்கும் சொல்லிக் குடு" என்றேன். சொல்லிக் கொடுத்தாள். நீங்கள் என்னிடம் கேட்டதற்குப் பதில் அதுதான். வாட்ஸைப் பார்க்கும் முன் பிளக்கைக் கேளுங்கள். டேங்கைப் பார்க்கும் முன் தண்ணீரைக் கேளுங்கள். தகட்டில் ஓட்டை நுனி வரை பரவி இருக்கிறதா பாருங்கள். சட்டைக் காலருக்கு நுனிதான் போகும். வயர் நீளமாக, அடியில் சுழல்கிற மாதிரி இருக்கட்டும். பெட்டியை வாங்குகிறவர் தூக்கிப் பார்க்கக் கூடாது. தேய்க்கப்போகிறவர் தூக்கிப் பார்க்க வேண்டும். டேங்கில் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள். இந்தக் கடைசி ஒன்று மட்டும் என் சொந்த ஆராய்ச்சி.

இரண்டு மாதம் கழித்து ராசாத்தி அக்கா, தனக்கும் ஒரு அயர்ன்பாக்ஸ் வேண்டும் என்ற தன் சம்பந்தியம்மாளோடு வந்தாள். முத்துமாரி அன்று லீவு. அக்கா வாசலிலேயே தயங்கி நின்றாள். நான் போய், "வாங்கக்கா. முத்துமாரி நாளைக்கு வரும். நாளைக்கு வர்றீகளா, நான் காட்டவா?" என்றேன்.

"வந்தது வந்துட்டோம். காட்டுங்க."

சம்பந்தியம்மாளிடம் தண்ணீரைக் கேட்டேன், பிளக்கைக் கேட்டேன், துணியைக் கேட்டேன். அந்தம்மா பெரிய பெட்டியைக் காட்டியபோது, கையில் கொடுத்துப் பத்துத் தடவை இழுக்கச் சொன்னேன். ஏழாவது தடவையில் கீழே வைத்துவிட்டார்கள்.

ராசாத்தி அக்கா சிரித்தாள். "அந்தப் புள்ள மாதிரியே கேக்குறீக."

"அதுகிட்டக் கத்துக்கிட்டதுதான்க்கா."

"அப்படின்னா நீங்களே ஒண்ணு பாத்து எடுத்துக் குடுங்க" என்றாள்.

மறுநாள் முத்துமாரியிடம் இதைச் சொன்னேன். எந்தப் பெட்டி கொடுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானா இருந்தாலும் அதத்தாண்ணே குடுத்திருப்பேன்" என்றாள்.

பாராட்டுத்தான். இருந்தாலும் அவளிடம் பாஸாக வேண்டியிருக்கிறதே என்று அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.