இரண்டு மொட்டையும் இருபத்தொரு பத்திரிகையும்

அப்பா இறந்த பதினோராம் நாள் காலையில், தாய்மாமா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். உள்ளே இருபத்தொரு கருமாதிப் பத்திரிகைகள். மற்றதெல்லாம் தபாலில் போய்விட்டன. இந்த இருபத்தொரு வீடுகளுக்கு மட்டும் நேரில்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து போங்க மாப்ள. ஒருத்தன் மட்டும் போய் நின்னா இன்னொருத்தன் எங்கன்னு கேப்பாய்ங்க. அதுக்குப் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கருமாதியே வந்துரும்."

இருவர் என்றால் நானும் என் அண்ணனும். என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஒன்பது வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் இருந்தது ஒரே மதுரைக்குள். நான் தாலுகா ஆபீசில் கிளார்க். ஆரப்பாளையத்தில் அப்பாவோடு இருந்தேன். அவன் வில்லாபுரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமைதோறும் பதினோரு மணிக்கு, நான் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவான். சாயங்காலம் நான் வீடு திரும்பினால் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே ஆரஞ்சுத் தோல் கிடக்கும். ஒரு வாரமாகக் கடகடத்துக்கொண்டிருந்த ஃபேன் சத்தமில்லாமல் சுற்றும். யார் சரிசெய்தது என்று நான் கேட்டதில்லை. அப்பாவும் சொன்னதில்லை.

சண்டை என் கல்யாணத்தில் வந்தது. பந்தியைக் கவனிக்கும் பொறுப்பு அண்ணனுடையது. மூன்றாம் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது. பெண் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று அண்டா பாயசம் வைத்ததாக அண்ணன் சத்தியம் செய்தான். சமையலறையில் இரண்டு அண்டாதான் இருந்தன. என் மாமனார் காலி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டு, "ஒரு அண்டாவைக் காவல் காக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்குப் பந்தி?" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தான். அப்படியே மண்டபத்தை விட்டுப் போனவன்தான்.

அப்பாவின் சாவன்றுகூட நாங்கள் பேசவில்லை. இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு தலையைக் கொடுத்தோம்.

இப்போது போக வேண்டியிருந்தது அப்பாவின் ஸ்கூட்டரில். அப்பா கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். வாடிப்பட்டியிலிருந்து திருவாதவூர் வரை ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போட்டு வந்த வண்டி அது. இடதுபக்கம் தரை தொடுமளவு சாய்த்துப் பிடித்து, மூன்று எண்ணி, நிமிர்த்தி, உடனே உதைத்தால்தான் கிளம்பும். ஒருவரே செய்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அண்ணன் வந்து வண்டியைச் சாய்த்தான். நான் உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. அது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்தவன் என் தோளைப் பிடிக்கவில்லை. ஸ்டெப்னியைப் பின்கையால் பிடித்துக்கொண்டு, சாமி வாகனத்தில் வருவதுபோல விறைப்பாக வந்தான். பாத்திமா கல்லூரி தாண்டும்போது முதல் வார்த்தை வந்தது. என்னிடம் இல்லை. காற்றிடம்.

"வண்டி ஓட்டுறவுக கியரை மாத்துனா இஞ்சினுக்கு நல்லது."

நானும் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். "பின்னாடி உக்காந்திருக்கவுக வேடிக்கை பாத்துட்டு வந்தாப் போதும்."

வாடிப்பட்டியில் முதல் வீடு சித்தி வீடு. கருமாதி சொல்லப் போகிறவர்கள் வீட்டுக்குள் போகக் கூடாது. வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார்கள். பத்திரிகையை நீட்டினேன். சித்தப்பா அதை வாங்காமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொதல்ல ரெண்டு பேரும் கையக் குடுங்கடா. அப்பறம் வாங்குறேன்."

"எதுக்கு?" என்றேன்.

"அப்பன் போயிட்டாரு. இன்னுமா ஒங்களுக்குள்ள இந்தச் சண்டை?"

"எங்களுக்குள்ள என்ன சண்டை?" என்று அண்ணன் கேட்டான். அதே வாக்கியத்தை அதே நொடியில் நானும் கேட்டிருந்தேன். ஒன்பது வருடத்தில் நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது. பொய்யாகத்தான் இருந்தது.

சித்தப்பா முக்கால் மணி நேரம் பேசினார். ஒற்றுமை பற்றி, ரத்தம் பற்றி, தன் தம்பிகள் தனக்குச் செய்த துரோகம் பற்றி. கடைசியில் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். துக்கக் காரியத்துக்கு வந்தவர்கள் 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். நாங்களும் அப்படித்தான் எழுந்து வந்தோம். ஆனால் வெயிலில் நின்று சூடாகிவிட்ட வண்டி கிளம்பவில்லை. சாய்ப்பதும் நிமிர்த்துவதும் உதைப்பதுமாகப் பத்து நிமிடம் அந்த வீட்டு வாசலிலேயே நின்றோம். விடைபெறாமல் போய்விட்ட எங்களைச் சித்தப்பா வீட்டார் எல்லாரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வீட்டில் சமாதானம் செய்தவர் அப்பாவின் பங்காளி ஒருவர். அதற்கடுத்த வீட்டில் ஒரு பெரியம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்து, தன் முந்தானையால் மூடி, அழுதார். கை வியர்த்துக் கொட்டியது. அலங்காநல்லூரில் ஒரு மாமா நான் மன்னிப்புக் கேட்டால்தான் கருமாதிக்கு வருவேன் என்றார். அண்ணனுக்கே கோபம் வந்துவிட்டது.

வெளியே வந்து வண்டியைச் சாய்த்துக்கொண்டே முதன்முதலாக நேராக என்னைப் பார்த்துச் சொன்னான். "இவரு யாரு கேக்குறதுக்கு? இவரு தம்பிகூட இவரு பேசிப் பதினஞ்சு வருசமாச்சு."

"அதானே?" என்றேன்.

இன்னும் பதினேழு பத்திரிகை இருந்தது. வெயில் ஏறிவிட்டது. ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தி மோர் குடித்தோம். தலையில் போட்டிருந்த துண்டு, பதினோரு நாள் முடியில் முள்போல மாட்டிக்கொண்டு எடுக்க வரவில்லை. அண்ணன் பிய்த்து எடுத்துவிட்டான். பிறகு மீதிப் பத்திரிகைகளை எண்ணிப் பார்த்தான்.

"ஒவ்வொரு வீட்லயும் இம்புட்டு நேரமானா நாளைக்கும் சுத்தணும். இப்பிடிச் செய்வோம். அவுக பேச்சை எடுக்குறதுக்கு முன்னாடி நாமளே பேசிச் சிரிச்சிட்டா என்ன?"

"துக்கம் சொல்லப் போற எடத்துல எப்பிடிண்ணே சிரிக்கிறது?"

அண்ணே என்ற சொல் தானாக வந்து விழுந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்காததுபோல மோரைக் குடித்தோம்.

"சிரிக்க வேணாம். சும்மா பாசமா இருக்க மாதிரி," என்றான்.

அந்த வழி நன்றாக வேலை செய்தது. அடுத்த வீட்டு வாசலில் இறங்கும்போதே அண்ணன் என் தோளில் கையைப் போட்டான். தண்ணீர்ச் செம்பு வந்தால், "நீ குடிண்ணே" என்பேன். "வேணாம், நீ குடி, வண்டி ஓட்டிட்டு வர்ற" என்பான். ஒரு வீட்டில் என் நெற்றி வியர்வையைத் தன் துண்டால் துடைத்தே விட்டான். எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் ஒரு வீடு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சமாதானப் பேச்சைத் தயாராக வைத்திருந்தவர்கள் ஏமாந்து போய் நின்றார்கள். மேலூரில் ஒரு சித்தப்பா, "ஏம்ப்பா, நீங்க ரெண்டு பேரும் பேசுறதில்லேன்னு சொன்னாய்ங்களே?" என்று குறையாகவே கேட்டார்.

"யாரு சித்தப்பா சொன்னது?" என்று அண்ணன் என்னை இறுக்கி அணைத்துக்கொண்டான். எலும்பு நொறுங்கியது.

மூன்றரை மணி வாக்கில் கடைசிப் பத்திரிகையோடு திருவாதவூர் போனோம். அப்பாவின் சித்தப்பா மகள், எங்களுக்கு அத்தை முறை. எழுபது வயதிருக்கும். எங்கள் மொட்டைத் தலைகளைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். அழுகைக்கு நடுவே அப்பாவின் பெருமைகள் வந்துகொண்டிருந்தன. பாம்பு கடித்த மாட்டைக் காப்பாற்றியது, ராத்திரியென்று பாராமல் கன்று இழுத்துப் போட்டது. நாங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எங்கண்ணன் மாதிரி மனுசன் உண்டாய்யா? ஒன் கல்யாணத்துக்கு நாங்க முப்பது பேரு வேன்ல வந்தோம். பந்தியில எடமில்ல. வேன்காரன் நேரமாச்சுன்னு பறக்குறான். சாப்பிடாமயே ஏறிட்டோம். எங்கண்ணனுக்கு மனசு கேக்கல. ரெண்டு ஆளைக் கூட்டியாந்து, ஒரு அண்டா பாயசத்தை அப்பிடியே தூக்கி வேன்ல வச்சுட்டாரு. போற வழியெல்லாம் குடிங்கன்னு. ஊரு வந்து சேர்ற வரைக்கும் குடிச்சோம். இன்னும் ஒலகத்துல அந்த மாதிரிப் பாயசம் நான் குடிக்கல."

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"அண்டாவைத்தான் திருப்பிக் குடுக்க முடியல," என்று அத்தை மூக்கைச் சிந்திவிட்டுத் தொழுவத்தைக் காட்டினார்.

அங்கே ஒரு பசு, கழுத்து வரைக்கும் தலையை உள்ளே விட்டு, அந்த அண்டாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அண்டாவின் வயிற்றில் சமையல்காரருடைய சிவப்பு பெயிண்ட் அடையாளம் இன்னும் அழியவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் சமையல்காரர் அந்த அண்டாவைக் கேட்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றதும், கடைசியில் அண்ணி தன் சீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக் கொடுத்ததும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதெல்லாம் தெரியாமலே எனக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் கட்டில் ஆடியது. அண்ணனும் மூடிக்கொண்டிருந்தான். அடக்க அடக்க அதிகமானது. பசு தலையை வெளியே எடுத்து எங்களைப் பார்த்ததும் அண்ணன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அய்யோ, பிள்ளைக எப்பிடி அழுகுதுக பாரு!" என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். நாலைந்து பேர் எங்களைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவினாள். நாங்கள் துண்டுக்குள்ளிருந்து வெளியே வர முடியாமல் கால் மணி நேரம் குலுங்கினோம். எங்கோ நடுவில், எனக்கு அது சிரிப்பாக இல்லாமல் போய்விட்டது. அண்ணனுக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். துண்டை எடுத்தபோது அவன் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

ஒத்தக்கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"ஒம்போது வருசம்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அப்பா? நான்தாண்டா குடுத்தேன்னு."

"எப்பிடிச் சொல்லுவாரு? அன்னைக்கே சொல்லியிருந்தா ஒன் மாமனார் மொகத்துல எப்பிடி முழிக்கிறது? அதுக்கப்பறம் நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமப் போயிருக்கும்."

"அதுக்கு? மகனுக ரெண்டு பேரும் பேசாமக் கெடந்தாலும் பரவாயில்லயா?"

"செவ்வாக்கெழம வரும்போதெல்லாம் என்னமோ சொல்ல வாயெடுப்பாரு. நான் என்னப்பாம்பேன். வெயில் சாஸ்தியா இருக்குன்னுவாரு. மழை பேஞ்சிட்டிருக்கும்."

அப்படி என்னிடமும் உண்டு. நான் ஷேவிங் செய்யும்போது பின்னால் வந்து நிற்பார். கண்ணாடியில் அவர் முகம் தெரியும். திரும்பினால், "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவார். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அதற்குப் பதிலாகச் சண்டை போட்டேன். அப்பா செய்தது தப்பு என்றேன். முப்பது பேரைப் பட்டினியாக அனுப்பச் சொல்றியா என்றான் அவன். பாயசத்தைக் கொடுக்கட்டும், அண்டாவையுமா கொடுப்பார்கள் என்றேன். பின்னே பாயசத்தைத் துண்டிலா கட்டிக் கொடுப்பார்கள் என்று அவன் கத்தினான். டீக்கடைக்காரர் வெளியே வந்து, "மொட்டை போட்டுக்கிட்டு நடுரோட்டுல ஏம்ப்பா சண்டை போடுறீக? ரெண்டு பேரும் யாரு?" என்று கேட்டார்.

"அண்ணந்தம்பி," என்றான் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அதானே பாத்தேன்," என்று உள்ளே போய்விட்டார்.

கருமாதி நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு அண்ணன் செவ்வாய்க்கிழமை வருவதை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வர ஆரம்பித்தான். ஒன்பது வருடம் பேசாததையெல்லாம் பேசித் தீர்ப்பதுபோல, வாங்கிய மிக்ஸி சரியில்லை, வீட்டு ஒயரிங் சரியில்லை, நான் பிள்ளைகளை வளர்க்கும் விதம் சரியில்லை என்று எல்லாவற்றுக்கும் சண்டைக்கு நிற்பான். நானும் விடுவதில்லை. நீங்கள் பேசாமல் இருந்தபோது தெருவில் எங்களுக்கு நல்ல பெயர் இருந்தது என்பாள் என் மனைவி. ஆனால் ஞாயிறு பதினொன்று தாண்டியும் அவனைக் காணவில்லை என்றால், வாசலுக்கும் அடுப்படிக்குமாக முதலில் நடக்கத் தொடங்குகிறவளும் அவள்தான்.